கழுத்துப் புற்றுநோய் முகாம்

...நீயே சொல்லும்மா, ஒரு பேனர்ல ஒரே ஒரு வார்த்தை தப்பாப் போச்சுன்னா, அதுக்காக ஒரு பொம்பளைய வருஷம் பூரா கிண்டல் பண்ணுவாங்களா? லிஃப்ட்ல ஏறினா சிரிக்கிறாங்க. குப்பை கொட்டப் போனா சிரிக்கிறாங்க. மூணாவது மாடிக்காரி இருக்காளே, என்னைப் பாத்தாலே கழுத்தைத் தடவிக்கிறா. "என்ன தலைவியம்மா, அடுத்த முகாம் எதுக்கு, முழங்காலுக்கா?"ங்கறா. வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். தலைவின்னு ஆயிட்டா முழுங்கித்தான் ஆகணும்.

கொஞ்சம் நகந்துக்கோம்மா... இந்த நாற்காலில ஒரு கால் ஆடுது பாரு. நல்லா இருக்கறவங்களையும் படுக்க வெச்சிடும். நான் நோயாளி இல்ல, கேட்டுக்கோ. துணைக்கு வந்தவ. உள்ள போயிருக்கறது என் ஓரகத்தி, எங்க வீட்டுக்காரரோட தம்பி சம்சாரம். வைத்தியம் முடிஞ்சு வருஷம் ஆகுது, மறுபடி ஒரு தடவை வந்து காட்டச் சொன்னாங்க. தனியா வந்திருப்பா. நான்தான் விடல. அவளுக்கு என்ன தெரியும், பாவம். கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது. எனக்குன்னா எல்லாம் அத்துப்படி. ஆனா பேரு யாருக்குப் போச்சு தெரியுமா? அவளுக்கு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

எங்க குடியிருப்புல மகளிர் மன்றம்னு ஒண்ணு இருக்கு. நான் தலைவி. தேர்தல் வெச்சுத்தான் வந்தேன், எதிர்த்து யாரும் நிக்கல, அவ்வளவுதான். பக்கத்துக் குடியிருப்புக்காரங்க கண் முகாம் நடத்தி போட்டோவாப் போட்டுத் தள்ளினாங்க. நாம மட்டும் சும்மா இருக்கறதான்னு நான் நேரா இந்த ஆஸ்பத்திரிக்கே வந்தேன். இதே டாக்டரம்மாதான். "எங்களுக்கும் கௌரவமா ஒரு நோயாப் பாத்து முகாம் போட்டுக் குடுங்க"ன்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "பொம்பளைங்களுக்கு வர்ற ஒரு புற்றுநோய் இருக்கு. வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சுத் தடுத்துடலாம். ஆனா பரிசோதனைக்குத்தான் யாரும் வர்றதில்ல. அதைப் பத்திப் பேசறேன்"னாங்க.

புற்றுநோய்னதும் எனக்கு ஒரே சந்தோஷம். அதாவது... சந்தோஷம்னா தப்பா எடுத்துக்காத. கண்ணு பக்கத்துல அதை வெச்சுப் பாரேன், எது பெரிசு? உடனே சரின்னுட்டேன். அப்புறம்தான் எந்த எடம்னு சொன்னாங்க.

எந்த எடமா... அதான்மா, அந்த எடம். சுத்தி இத்தனை பேர் உக்காந்திருக்காங்க, எப்படிச் சொல்றது. உனக்குத்தான் புரியுமே.

மன்றத்துல கூட்டம் போட்டோம். பேனர்ல என்ன போடறதுன்னு பேச்சு. பொருளாளர், "அடிவயிறுன்னு போட்ரலாம்"னா. செயலாளர், "அடிவயிறே கொஞ்சம் ஓவர், பெண்கள் நலன்னு போதும்"னா. ஸ்கூல்ல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க ஒருத்தங்க, "உள்ளுறுப்புன்னு பொதுவா வெச்சுக்கலாமே"ன்னாங்க. கேட்ல மாட்டப் போறோம், ஆம்பளைங்க வந்து போற வழி. ஒரு சாயங்காலம் பூரா பேசினோம்மா. டீ ரெண்டு தடவை வந்துச்சு. அந்த எடத்தோட பேரை மட்டும் ஒருத்தர் வாயும் சொல்லல. எல்லாம் பிள்ளை பெத்தவங்க.

கடைசில பொறுப்பு என் தலைலதான் விழுந்துச்சு. நான் பேனர் கடைக்காரனுக்கு இங்கிலீஷ் பேரைச் சொல்லி அனுப்பினேன். செர்விகல்னு. அவன் என்ன பண்ணினான்? 'மாபெரும் கழுத்துப் புற்றுநோய் விழிப்புணர்வு முகாம், அனைவரும் வருக'ன்னு அடிச்சுக் குடுத்துட்டான். அவனுக்கு அது கழுத்து. எங்க மாமாவுக்குக் கழுத்து எலும்பு தேஞ்சப்பவும் டாக்டர் அதே செர்விகலைத்தான் சொன்னாரு. கழுத்துக்கும் அதுக்கும் ஒரே பேரை வெச்சவனைத் தேடிப் பிடிச்சு ரெண்டு கேள்வி கேக்கணும்.

அன்னைக்கு வந்த கூட்டத்தை நீ பாத்திருக்கணும். பொம்பளைங்க ஒரு பத்து இருபது பேரு. பாக்கி எல்லாம் கழுத்து வலிக்காரங்க. கார் ஓட்டற ஆளு ஒருத்தர், கம்ப்யூட்டர் வேலைக்குப் போறவங்க, தைலம் தேச்சுக்கிட்டு ஒரு தாத்தா. ரெண்டாவது மாடில ரிட்டயர்டு கணக்கர் ஒருத்தர் இருக்காரு, கழுத்துல பட்டை போட்டிருப்பாரு. அவரு முன்வரிசைல நட்ட நடுவுல வந்து உக்காந்துட்டாரு. டாக்டரம்மா படத்தை எடுத்து மாட்டினாங்க பாரு. உள்ள இருக்கறது எல்லாம், கலர்ல. கூட்டத்துல பாதி குனிஞ்சிடுச்சு, மீதி ஃபேனைப் பாக்குது. இவரால மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்ப முடியல. பட்டை. பேச்சு முடியற வரைக்கும் நேரா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

நான் ஓடிப் போய் டாக்டரம்மா காதுல, "ஆம்பளைங்களை அனுப்பிடவா"ன்னேன். "எதுக்கு? இருக்கட்டும். இந்தக் கிருமி பெரும்பாலும் அவங்க மூலமாத்தான் வருது"ன்னு மைக்கிலயே சொல்லிட்டாங்க. கார் ஓட்டறவரு அப்பவே எந்திரிச்சுப் போயிட்டாரு.

என்ன சிரிக்கிற? சிரி சிரி. நீயும் சேந்துக்கோ.

ஆனா ஒண்ணும்மா, பேச்சு நல்ல பேச்சு. எனக்கு ஒரு எழுத்து கூட மறக்கல. கருப்பையோட வாய்ப் பக்கம் வர்ற புற்றுநோய். ஒரு வைரஸ் கிருமியால வருது. புருஷன் பொண்டாட்டி சேர்றதுல பரவும். அதுக்காக யாரையும் சந்தேகப்படக் கூடாது, அனேகமா எல்லாருக்கும் எப்பவாவது ஒரு தடவை வந்து தானாவே போயிடும். சிலருக்கு மட்டும் போகாம தங்கும். தங்கி, வருஷக்கணக்கா மெல்ல மெல்ல... சத்தமே இருக்காது. வலிக்கவும் வலிக்காது. சின்னப் பொண்ணுங்களுக்குத் தடுப்பூசி இருக்கு. பெரியவங்கன்னா பரிசோதனை. பஞ்சுல காடி, அதான் வினிகர், அது மாதிரி ஒண்ணைத் தொட்டுத் தடவினா கெட்ட எடம் வெள்ளையாத் தெரியும். பாத்தியா, எப்படிச் சொல்றேன். பேச்சு முடிஞ்சு டாக்டரம்மா கேள்வி கேட்டாங்க. எல்லாத்துக்கும் நான்தான் கை தூக்கினேன். ஒரு கட்டத்துல, "வேற யாராவது சொல்லுங்க"ன்னு கெஞ்ச ஆரம்பிச்சிட்டாங்க.

அப்புறம் நர்சம்மா பக்கத்து ரூம்ல திரையை இழுத்து விட்டுட்டு வந்து, "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டீங்க இல்ல, ஒவ்வொருத்தரா வாங்க"ன்னாங்க. அவ்வளவுதான். ஒருத்திக்கு அடுப்புல பால். ஒருத்திக்கு மாப்பிள்ளை வீட்ல இருந்து போன். பொருளாளருக்குத் தலை சுத்துது. செயலாளர் செருப்பைக் காணோம்னு தேடப் போனவ, செருப்பு கிடைச்சும் திரும்பல. நான் என்ன பண்றது, தலைவி. மைக்செட்டுக்காரனை அனுப்பணும், நாற்காலிய எல்லாம் அடுக்கணும். பொறுப்புல இருக்கறவங்க படுத்துக்கிட்டா முகாமை யார் பாக்கறது?

அந்த நேரம் பாத்து வந்தா எங்க ஓரகத்தி.

அவளுக்குத் துணி தைக்கற கம்பெனில வேலை. பகல் பூரா மெஷின்ல குனிஞ்சே இருக்கறதுல கழுத்து வலி உசிரை எடுக்குது. வேலை விட்டு வந்தவ, கேட்ல பேனரைப் பாத்திருக்கா. கழுத்துன்னு இருக்கு. பேச்சு கீச்சு ஒண்ணும் கேக்கல. நேராத் திரைக்கு வெளிய கிடந்த பெஞ்சுல போய் உக்காந்துட்டா. நான் அங்க நாற்காலி அடுக்கிக்கிட்டு இருக்கேன், என்னைக் கண்டுக்கவே இல்ல. நர்சம்மா கூப்பிட்டாங்க, போனா. "மேல படுங்கம்மா"ன்னாங்க, படுத்தா. படுத்துட்டு, "இங்கதாங்க, இடது பக்கம்தான் ரொம்ப"ன்னு கழுத்தைக் காட்டியிருக்கா.

நர்சம்மா விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. அப்புறம் பக்கத்துல உக்காந்து, இது கழுத்துக்கு இல்லம்மா, இன்னதுக்குன்னு பொறுமையாச் சொல்லியிருக்காங்க. வேற யாரா இருந்தாலும் துணியைச் சுருட்டிக்கிட்டு ஓடியிருப்பா. இவ என்ன சொன்னாளாம் தெரியுமா? "சரி, படுத்தது படுத்தாச்சு. பாத்துடுங்க. எந்திரிச்சுப் போனா மறுபடி படுக்கறதுக்கு எனக்கு எங்க நேரம்?"

பாத்தாங்க. வெள்ளையாத் தெரிஞ்சிருக்கு.

இல்லம்மா, பயப்படாத. அது புற்றுநோய் இல்ல. அப்படியே விட்டிருந்தா ஆகியிருக்கலாம்னு பின்னாடி இங்க சொன்னாங்க. சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பாத்து, கெட்டதா மாறிக்கிட்டிருந்த எடத்தை மட்டும் உறைய வெச்சு எடுத்துட்டாங்க. மெஷினுக்குத் திரும்பப் போயிட்டா. ஆனா அதெல்லாம் பின்னாடி. அன்னைக்கு யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு மட்டும்தானே சொல்லி அனுப்பினாங்க. எங்க கொழுந்தன் தட்டை முன்னாடி வெச்சுக்கிட்டு சோறு தொடாம உக்காந்துட்டாரு. தைரியமான ஆளுதான். காலையில கூட, "கழுத்துதானே, துண்டைச் சுத்திக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனவரு. அவ சமையக்கட்டுல என் பக்கத்துல வந்து நின்னா. "அக்கா, நீங்க எல்லாம் தெரிஞ்சவங்க. நான் செத்துடுவேனா?"ன்னு கேட்டா.

அழல. நாளைக்குக் கரண்ட் இருக்குமான்னு கேக்கற மாதிரி கேட்டா.

மைக்கில அத்தனை கேள்விக்குப் பதில் சொன்னவ நான். கழுவின டம்ளரையே மறுபடி கழுவிக்கிட்டு நின்னேன். அவ என் கைல இருந்து அதை வாங்கிக் கவுத்து வெச்சுட்டுப் போயிட்டா.

சரி விடு. இப்ப நல்லா இருக்கா. இருக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஊரே அவளைக் கொண்டாடுது. "உங்க ஓரகத்தி எவ்வளவு தைரியசாலி"ன்னு என்கிட்டயே சொல்றாங்க. என்ன தைரியம்? தப்பான பெஞ்சுல உக்காந்தது ஒரு தைரியமா? முகாம் போட்டது யாரு? நாற்காலி அடுக்கினது யாரு?

என்னம்மா கேட்ட? நானா... நான் எடுத்துக்கிட்டேனான்னா கேக்கற? எனக்கு எதுக்கு, நான்தான் சொன்னேனே, துணைக்கு வந்தவ. நேரமே அமையல. எங்க பொருளாளர் சொல்லுவா, அவ அக்கா ஒருத்தி எடுத்துக்கிட்டாளாம். ஒரு கருவி வெப்பாங்களாம் பாரு. இரும்பு. இந்தா, இவ்வளவு பெரிசு, என் முழங்கை வரைக்கும் வெச்சுக்கோயேன். ரெண்டு பக்கமும் திருகு. அதைத் திருகத் திருக... அவ அக்கா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுதாம். ரெண்டு நாள் எந்திரிக்கலையாம். அதுக்காகப் பயந்துட்டு நான் எடுக்கலன்னு நெனச்சுடாத. எனக்கென்ன பயம். நான் பாக்காத வலியா...

எங்கம்மா எந்திரிச்சிட்ட? தண்ணியா? தண்ணி இந்தப் பக்கம்மா, மூலையில. அது படிக்கட்டு. அந்தப் பக்கம் போனா வெளிய... ஏம்மா. ஏம்மா, உன்னைத்தான்.

நில்லும்மா. கொஞ்சம் நில்லு. இத்தனை படிய என்னால... மூச்சு வாங்குது. இந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கறேன். எதுக்கு இப்படி ஓடற? நர்சம்மா உன்னைத்தானே கூப்பிடறாங்க, பச்சைச் சுடிதார் போட்ட பொண்ணு எங்கன்னு. நீயும் அதுக்குத்தான் வந்தியா? யாருக்காவது துணைக்கு வந்திருப்பேன்னு இல்ல நெனச்சேன்.

தனியாவா வந்த? வீட்ல சொல்லல? ...சரி. சரிம்மா. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, எங்கயோ கேள்விப்பட்டு, ஒரு தடவை பாத்துக்கலாம்னு வந்த. அதுதான்மா சரியான நேரம். ஒண்ணும் இல்லாதப்பதான் வரணும்னு டாக்டரம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. அத்தனை பேர் இருந்த கூட்டத்துல ஒருத்தி கூடச் செய்யாததை நீயா வந்து செஞ்ச. உன்னைப் போய் நான்...

இங்க பாரு. அந்தக் கருவியை நான் கண்ணால பாத்ததே இல்ல. பொருளாளருக்கு அக்கா உண்டான்னே எனக்கு இப்பத்தான் சந்தேகமா இருக்கு, அவளுக்கு ரெண்டு தம்பிங்கதான். எங்க ஓரகத்தியக் கேட்டதுக்கு, "கொஞ்சம் கூச்சமா இருக்கும்க்கா, வேற ஒண்ணும் இல்ல, முடிஞ்சிருச்சான்னு நான் கேக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு"ன்னா. அதைச் சொன்னா நான் எடுக்காம இருக்கறதுக்குக் காரணம் வேணுமே. அதான் முழங்கை வரைக்கும் நீட்டினேன்.

பேனர் விஷயமும் அப்படித்தான். கடைக்காரன் பாவம், அவன் மேல தப்பில்ல. போன் பண்ணிக் கேட்டான், "கருப்பை வாய்னு போட்ரலாமாங்க"ன்னு. பக்கத்துல எங்க வீட்டுக்காரர் உக்காந்திருந்தாரு. அவர் முன்னாடி அந்த வார்த்தைக்கு எப்படி ஆமான்னு சொல்றது? "இல்லப்பா, கழுத்துன்னே போடு, கழுத்துன்னா எல்லாருக்கும் புரியும்"னேன். முப்பது வருஷமாக் கூடக் குடும்பம் நடத்தற மனுஷன்.

இன்னொண்ணு இருக்கு. இதை நான் ஓரகத்திகிட்ட கூடச் சொல்லல. எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு வருஷக்கணக்காச்சு. இப்பக் கொஞ்ச நாளா மறுபடி லேசா, ஒரு பொட்டு மாதிரி... உடம்புச் சூடுன்னு சொல்லிக்கிட்டேன். மோர் குடிச்சேன். அது சூடு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நின்ன பிறகு வந்தா உடனே போய்க் காட்டணும்னு அன்னைக்குக் கை தூக்கிச் சொன்னதே நான்தானே. கை தட்டினாங்க. வேற ஏதோ சின்னக் காரணமாக் கூட இருக்கும்னு டாக்டரம்மாவே சொன்னாங்க, பாத்தாத்தான் தெரியும்னாங்க. பாக்காத வரைக்கும் ஒண்ணும் இல்லைன்னு நான் வெச்சுக்கிட்டேன்.

இன்னைக்கு ஓரகத்திக்குத் துணைன்னு கிளம்பி வந்தேனே, எதுக்கு வந்தேன்னு எனக்கே சரியாத் தெரியல. கதவு வரைக்கும் வந்துட்டு உக்காந்து பேசிக்கிட்டே இருக்கேன்.

இதோ வர்றோம் நர்சம்மா, கத்தாதீங்க. அந்தப் பொண்ணு எங்கயும் போகல, இங்கதான் இருக்கா. நான்தான் பேசிப் பிடிச்சு வெச்சிருக்கேன். அவளுக்கு முன்னாடி என்னைப் பாத்துட முடியுமா? ஆமா, என்னைத்தான். கொஞ்ச நாளா ரத்தம் படுது, டாக்டரம்மாகிட்டயும் சொல்லணும். தெரியும்ங்க, முன்னாடியே வந்திருக்கணும். உள்ள வந்து திட்டு வாங்கிக்கறேன்.

அட, இதோ எங்க ஓரகத்தியே வந்துட்டா. உனக்கு முடிஞ்சிருச்சா? என்ன சொன்னாங்க... ஒண்ணும் இல்லையாமா? அப்பாடா. அப்புறம் ஏன் என்னை இப்படிப் பாக்கற? ஆமா, உள்ளதான் போறேன். அழுதுகிழுது தொலைக்காத, முகாம் நடத்தினவ நானு. இந்தப் பொண்ணு கூட உக்காந்திரு. அவ என்ன கேட்டாலும் உனக்கு நடந்ததை நடந்தபடி சொல்லு. உனக்குத்தான் கூட்டிச் சொல்லத் தெரியாதே.

நீ வாம்மா, படியேறு. என் கையைப் பிடிச்சுக்கோ... ஐஸா இருக்கு உன் கை. என் கையும் அப்படித்தானா? இருக்கட்டும். இப்போதைக்கு ரெண்டு பேருக்கும் சேத்து நானே பயந்துக்கறேன். நீ சும்மா உக்காந்திரு, வந்துடறேன்.